கரண்டு வைப்பதும் புரோட்டான் சிகிச்சையும்: வீட்டை விற்கும் முன் தெரிந்துகொள்வோம்



மருத்துவ உதவி கேட்டு நமது அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில் புற்றுநோய் சிகிச்சைக்கான மனுக்களும் உண்டு. அவற்றைக் கொண்டுவரும் குடும்பத்தார் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. "டாக்டர் கரண்டு வைக்கச் சொல்கிறார். சென்னையில் புரோட்டான் என்று ஒன்று வந்திருக்கிறதாமே, அதில் பக்கவிளைவே கிடையாதாமே. வீட்டை விற்றாவது அதை வைத்துவிடலாமா?" பெற்ற பிள்ளைக்காக, பெற்ற தாய்க்காகக் கேட்கும் கேள்வி இது. இதற்குப் பின்னால் ஒரு வீடும், குமருக்குச் சேர்த்த நகையும், சில வேளை வட்டிக்கு வாங்கத் துணியும் மனமும் நிற்கின்றன. ஆகவே இதை விளக்கமாக எழுதுவது எங்கள் கடமை என்று கருதுகிறோம்.

நாங்கள் மருத்துவர்கள் அல்லர். எந்த நோயாளிக்கு எந்தச் சிகிச்சை என்று சொல்லும் தகுதி எங்களுக்குக் கிடையாது. ஆனால் கதிர் உடலுக்குள் போய் என்ன செய்கிறது என்பதைக் குடும்பத்தில் ஒருவராவது புரிந்துகொண்டால், மருத்துவரிடம் சரியான கேள்வியைக் கேட்க முடியும். இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. மின்னூட்டம் கொண்ட ஒரு துகள் தன் சக்தியை எந்த இடத்தில் இழக்கிறது என்ற ஒன்று தெளிந்துவிட்டால் மற்றவை தானாக விளங்கும்.

கரண்டு என்பது மின்சாரம் இல்லை

கதிர் சிகிச்சையை நம் ஊர்களில் "கரண்டு வைப்பது" என்கிறோம். அதனால் ஷாக் அடிக்குமோ, உடம்பு எரியுமோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. மின்சாரம் எதுவும் உடலில் பாய்ச்சப்படுவதில்லை. பெரும்பாலான மருத்துவமனைகளில் லீனியர் ஆக்சிலரேட்டர் என்ற இயந்திரம் சக்தி மிகுந்த எக்ஸ் கதிரை உண்டாக்கிக் கட்டியின் மீது செலுத்துகிறது. புரோட்டான் சிகிச்சையில் எக்ஸ் கதிருக்குப் பதிலாக ஹைட்ரஜன் அணுவின் கரு, அதாவது புரோட்டான் என்ற துகள் செலுத்தப்படுகிறது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்: எக்ஸ் கதிர் ஒளியின் இனம், அதற்கு எடையும் இல்லை, மின்னூட்டமும் இல்லை. புரோட்டானுக்கு இரண்டும் உண்டு. புரோட்டானுக்கு நேர் மின்னூட்டம். அணுவைச் சூழ்ந்திருக்கும் எலக்ட்ரானுக்கு எதிர் மின்னூட்டம். ஆகவே தொடாமலேயே ஒன்றை ஒன்று இழுக்கும்.

நம் உடல், நாம் அமரும் நாற்காலி எல்லாமே அணுக்களால் ஆனவை. அணுவின் உள்ளே பெரும்பகுதி வெற்றிடம். ஒரு அணுவைக் கிரிக்கெட் மைதானம் அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தால், நடுவில் இருக்கும் அணுக்கரு ஒரு மிளகு அளவுதான் இருக்கும். 1909இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டின் உதவியாளர்களான கைகரும் மார்ஸ்டெனும் ஆல்பா என்ற மின்னூட்டத் துகள்களை மெல்லிய உலோகத் தகட்டின் மீது செலுத்தினார்கள். ஏறத்தாழ எல்லாமே ஊடுருவிப் போயின; பல ஆயிரத்தில் ஒன்று மட்டும் எதிலோ மோதியதுபோலத் திரும்பி வந்தது. மிளகு போன்ற அந்தக் கரு இருப்பதை 1911இல் ரூதர்ஃபோர்டு இதிலிருந்துதான் கண்டுகொண்டார்.

ஆக, உடலுக்குள் நுழையும் புரோட்டான் அணுக்கருவில் நேராக மோதுவது அரிது. அது போகும் வழியெல்லாம் எலக்ட்ரான் கூட்டத்தின் நடுவே போகிறது. கடந்துபோகும்போது ஒவ்வொரு எலக்ட்ரானையும் சற்று இழுத்துவிட்டுப் போகிறது. சில எலக்ட்ரான்கள் அதிர்ந்து அடங்கும். சில அணுவை விட்டே பிய்ந்து வெளியேறும். இப்படி எலக்ட்ரானை இழந்த அணுவை அயனி என்கிறோம். ஒவ்வொரு இழுப்புக்கும் புரோட்டான் தன் சக்தியில் மிகச் சிறிய பங்கைச் செலவிடுகிறது. அது எலக்ட்ரானைவிட 1,800 மடங்குக்கு மேல் எடை கொண்டது என்பதால் இந்த இழுப்புகளால் வழி மாறாமல் ஏறக்குறைய நேராகவே போகிறது. திசை மாறாவிட்டாலும் வேகம் குறைந்துகொண்டே வரும்.

வேகம் குறையக் குறைய இழப்பு கூடும்

நிக்காஹ் நடக்கும் ஒரு மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலிலிருந்து மேடை வரை உறவினர் கூட்டம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓட்டமும் நடையுமாகப் போகிறவரை யாராலும் நிறுத்த முடியாது; போகிற போக்கில் இரண்டு பேருக்கு ஸலாம் சொல்லிவிட்டுக் கடந்துவிடுவார். நிதானமாக நடப்பவரோ அகப்பட்டுக்கொள்வார். ஒருவர் கையைப் பிடிப்பார், இன்னொருவர் பிள்ளைகளை விசாரிப்பார். நடை தளரத் தளரப் பிடித்துக்கொள்பவர்கள் கூடுவார்கள். கடைசியில் ஏதோ ஒரு மேசையில் உட்காரவைத்துவிடுவார்கள்.

புரோட்டானுக்கும் இதுதான் நடக்கிறது. வேகமாகப் போகும்போது ஒவ்வொரு எலக்ட்ரானின் அருகிலும் அது இருக்கும் நேரம் மிகக் குறைவு, இழுப்பும் குறைவு. வேகம் பாதியானால் அருகில் இருக்கும் நேரம் இரு மடங்காகும். எலக்ட்ரானுக்குக் கிடைக்கும் உந்துதலும் இரு மடங்காகும். உந்துதல் இரு மடங்கானால் எலக்ட்ரான் பெறும் சக்தி நான்கு மடங்கு. அந்த நான்கு மடங்கும் புரோட்டானின் கணக்கிலிருந்துதான் போகிறது. இழப்பு கூடினால் வேகம் குறைகிறது. வேகம் குறைந்தால் இழப்பு இன்னும் கூடுகிறது.

எண்ணிக்கையில் பார்ப்போம். சிகிச்சைக்கான புரோட்டானின் சக்தியை மெகா எலக்ட்ரான் வோல்ட் என்ற அலகில் சொல்வார்கள். 200 அலகு சக்தியுள்ள புரோட்டான் ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேலான வேகத்தில் உடலுக்குள் நுழைகிறது. அப்போது ஒரு சென்டிமீட்டருக்கு அது இழப்பது ஏறத்தாழ 4.5 அலகுதான். சக்தி 100 ஆகக் குறையும்போது சென்டிமீட்டருக்கு 7 அலகு. 10 ஆகக் குறையும்போது சென்டிமீட்டருக்கு 45 அலகுக்கு மேல் என்ற கணக்கில் இழக்கிறது; அப்போது அது போகக்கூடிய தூரமே ஒரு மில்லிமீட்டரைச் சற்று தாண்டியதுதான். 1 அலகு மிச்சமிருக்கும்போது மிச்சத் தூரம் ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது ஓரிரு உயிரணுக்களின் அகலம். இழப்பு உச்சத்தைத் தொடுவது அதற்கும் பிறகு, சக்தி 0.1 அலகுக்கும் கீழே வந்த நிலையில். அந்த இடத்தில் இழப்பின் வேகம் நுழைந்தபோது இருந்ததைப்போல நூறு மடங்குக்கும் மேல்.

அந்த உச்சத்துக்குப் பிறகு நடப்பதும் சுவையானது. எலக்ட்ரான்கள் அணுவுக்குள் சுற்றும் வேகத்துக்கு இணையாகப் புரோட்டானின் வேகமும் இறங்கிவிடும்போது, அது ஒரு எலக்ட்ரானைப் பிடித்துத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். எதிரும் நேரும் சேர்ந்துவிட்டதால் மின்னூட்டம் மறைந்து, இழுக்கும் பலமும் குறையும். பிடித்த எலக்ட்ரானை அடுத்த மோதலில் இழக்கும். மீண்டும் ஒன்றைப் பிடிக்கும். இப்படி விட்டும் பிடித்தும் தள்ளாடி, கடைசிக் கட்டத்தில் அணுக்களோடு நேரடியாக மோதி மோதி நின்றுவிடும். நின்ற பிறகு அது வெறும் ஹைட்ரஜன். நம் உடலில் ஏற்கெனவே இருக்கும் ஹைட்ரஜனுக்கு முன் அது கணக்கிலேயே வராது. உடலுக்குள் நுழைந்ததிலிருந்து நிற்கும் வரை இத்தனையும் நடந்து முடிய ஒரு நொடியின் நூறு கோடியில் சில பங்குதான் ஆகிறது. சுப்ஹானல்லாஹ்.

இதைக் கண்டுபிடித்தவர்கள்

துகள் நிற்கும் தறுவாயில்தான் அதிகச் சக்தியை விடுகிறது என்பதை 1904இல் முதலில் கண்டவர் வில்லியம் ஹென்றி பிராக். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த அவர், நாற்பது வயதைக் கடந்த பிறகே ஆராய்ச்சியில் முழுமையாக இறங்கியவர். ரேடியத்திலிருந்து வரும் ஆல்பா துகள் காற்றில் எவ்வளவு அயனிகளை உண்டாக்குகிறது என்று உதவியாளர் கிளீமனுடன் சேர்ந்து அளந்தார். மெல்ல மெல்லக் குறைந்து மறையும் என்று எதிர்பார்க்கத் தோன்றும். ஆனால் துகள் நிற்கும் இடத்தை நெருங்கும்போது அயனிகள் கூடின. பிறகு சட்டென்று ஒன்றுமில்லாமல் போயிற்று. இன்றும் அந்த உச்சத்தை "பிராக் உச்சம்" என்றே அழைக்கிறார்கள். 1913இல் நீல்ஸ் போரும், 1930இல் ஹான்ஸ் பெத்தேயும் இதற்கான கணக்கை வகுத்தார்கள். மருத்துவமனைக் கணினிகள் இன்று போடும் கணக்குக்கும் பெத்தேயின் சூத்திரமே அடிப்படை.

இதைச் சிகிச்சைக்குப் பயன்படுத்தலாம் என்று 1946இல் எழுதியவர் ராபர்ட் வில்சன் என்ற அமெரிக்க இயற்பியலாளர். அணுகுண்டுத் திட்டத்தில் வேலை செய்துவிட்டு வந்தவர் அவர். 1954இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் முதல் நோயாளிக்குப் புரோட்டான் செலுத்தப்பட்டது. 1990இல் அதே மாநிலத்தில் உள்ள லோமா லிண்டாவில், மருத்துவமனைக்குள்ளேயே அமைந்த முதல் புரோட்டான் மையம் தொடங்கியது. இந்தியாவில் 2019இல் சென்னையில் அப்போலோ மருத்துவமனையின் மையமும், 2023இல் நவி மும்பையில் டாடா நினைவு மையத்தின் பிரிவும் சிகிச்சையைத் தொடங்கின.

எக்ஸ் கதிரும் புரோட்டானும் உடலுக்குள்

புரோட்டானைப் போல எக்ஸ் கதிர் ஒரு இடத்தில் நிற்பதில்லை. மின்னூட்டம் இல்லாததால் அது எலக்ட்ரான்களைத் தொடர்ந்து இழுத்துக்கொண்டு போவதும் இல்லை. எங்கோ ஓரிடத்தில் ஒரு எலக்ட்ரானில் மோதும். இல்லாவிட்டால் நேராக வெளியே போய்விடும். வழக்கமான 6 மெகாவோல்ட் இயந்திரத்தின் கதிர் தோலுக்குக் கீழே ஒன்றரை சென்டிமீட்டரில் உச்சத்தை அடைகிறது. 10 சென்டிமீட்டர் ஆழத்தில் அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இருக்கும். கட்டியைத் தாண்டியும் குறைந்துகொண்டே போய் மறுபுறம் வெளியேறும். அதனால்தான் மருத்துவர்கள் பல திசைகளிலிருந்து சிறிது சிறிதாகக் கதிரைச் செலுத்தி, எல்லாம் கட்டியில் வந்து கூடும்படி செய்கிறார்கள். கட்டிக்கு முழு அளவு சேரும். சுற்றியுள்ள நல்ல உறுப்புகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவும்.

புரோட்டானுக்கு நிறுத்தம் உண்டு. எவ்வளவு ஆழத்தில் நிற்க வேண்டும் என்பதை அதன் சக்தியே தீர்மானிக்கிறது. 70 அலகு சக்தி என்றால் தண்ணீரில் 4 சென்டிமீட்டர். 150 அலகு என்றால் ஏறத்தாழ 16 சென்டிமீட்டர். 200 அலகு என்றால் 26 சென்டிமீட்டர். நம் உடலில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் இந்தக் கணக்கு சற்றுத் திருத்தத்தோடு உடலுக்கும் பொருந்தும். கட்டியைத் தாண்டிய இடத்துக்கு ஏறக்குறைய எதுவும் போகாது. இது உண்மையான நன்மை.

இத்தோடு தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று உண்டு.

ஒன்று, உச்சம் ஊசிமுனை போல் மெலிதானது. கட்டியோ பல சென்டிமீட்டர் தடிமன். ஆகவே பல சக்திகளில் புரோட்டான்களை அனுப்பி, உச்சங்களை அடுக்கடுக்காக வைத்துத்தான் கட்டியை நிரப்ப முடியும். அப்படி அடுக்கும்போது வழியில் இருக்கும் தோலுக்கும் சதைக்கும் சேரும் அளவு கூடுகிறது. "பக்கவிளைவே இல்லை" என்ற பேச்சு சரியில்லை. புரோட்டான் காப்பாற்றுவது முக்கியமாகக் கட்டிக்குப் பின்னால் இருப்பதை.

இரண்டு, நிறுத்தம் கூர்மையானது என்பதே ஒரு சிக்கலும் ஆகும். நோயாளியின் எடை குறைந்தாலோ, மூக்கறையில் சளி நிரம்பினாலோ, மூச்சோடு நுரையீரல் அசைந்தாலோ துகள் நிற்கும் இடம் சில மில்லிமீட்டர் மாறக்கூடும். ஆகவே சற்று இடம்விட்டுத் திட்டமிடுகிறார்கள். இடையிடையே ஸ்கேன் எடுத்துச் சரிபார்க்கிறார்கள்.

மூன்று, இதுவே எல்லாவற்றிலும் முக்கியம். புற்று உயிரணுவைக் கொல்வதில் புரோட்டான் எக்ஸ் கதிரைவிடப் பெரிய வீரியம் கொண்டதன்று. எக்ஸ் கதிரும் கடைசியில் எலக்ட்ரான்களைப் பிய்த்தெறிந்து, அந்த எலக்ட்ரான்கள் மூலமாகவே வேலை செய்கிறது. உயிரணுவில் உள்ள தண்ணீரைச் சிதைத்து, மரபுப் பொருளான டி.என்.ஏ. இழைகளை அறுப்பதுதான் இரண்டும் செய்யும் வேலை. ஒரே அளவு கதிருக்குப் புரோட்டானின் பலன் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுதல் என்று வைத்துத்தான் உலகெங்கும் கணக்கிடுகிறார்கள். மருந்து ஒன்றுதான், அதை வைக்கும் இடத்தில்தான் வேறுபாடு.

யாருக்கு உண்மையான பயன்?

மேலே சொன்னதிலிருந்தே விடை வந்துவிடுகிறது. கட்டிக்குப் பின்னால் விலைமதிப்பற்ற ஏதோ ஒன்று இருந்து, அதை எக்ஸ் கதிரால் காப்பாற்ற முடியாதபோது புரோட்டானின் பயன் பெரிது.

குழந்தைகளின் மூளைக்கட்டிகளில் இதைத் தெளிவாகக் காணலாம். மெடுல்லோபிளாஸ்டோமா என்ற கட்டிக்கு மூளையோடு முதுகுத்தண்டு முழுவதற்கும் கதிர் வைக்க வேண்டும். முதுகு வழியாக எக்ஸ் கதிர் செலுத்தினால் அது தண்டைத் தாண்டி இதயம், நுரையீரல், குடல் வழியாக முன்னால் வெளியேறும். புரோட்டான் தண்டைத் தாண்டியதும் நின்றுவிடும். அந்தக் குழந்தைக்கு அல்லாஹ் நாடினால் இன்னும் அறுபது, எழுபது ஆண்டு வாழ்க்கை இருக்கிறது. பல ஆண்டு கழித்துக் கதிரினாலேயே வரக்கூடிய உறுப்புக் கோளாறும் இன்னொரு புற்றும் பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கே பெரிய கவலை. மண்டை ஓட்டின் அடித்தளத்தில் மூளைத்தண்டை ஒட்டி வளரும் சில கட்டிகள், கண்ணுக்குள் வரும் மெலனோமா, ஏற்கெனவே கதிர் வைத்த இடத்திலேயே மீண்டும் வைக்க வேண்டிய நிலை ஆகியவற்றிலும் மருத்துவர்கள் புரோட்டானை நாடுகிறார்கள்.

எல்லாப் புற்றுநோய்க்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. அமெரிக்காவில் புராஸ்டேட் புற்றுநோய் கண்ட 450 ஆண்களைச் சீட்டுக் குலுக்குவது போல இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குப் புரோட்டானும் மற்றதற்கு நவீன எக்ஸ் கதிரும் கொடுத்தார்கள். 2024இல் வெளிவந்த முடிவில், இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது குடல் தொடர்பான தொந்தரவில் இரு பிரிவுக்கும் வேறுபாடு தெரியவில்லை. நோய் கட்டுப்பட்டதும் ஒரே அளவில்தான் இருந்தது.

நம் பெண்களிடம் காணப்படும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கு நன்கு நிலைபெற்ற சிகிச்சை முறை இருக்கிறது. வெளியிலிருந்து எக்ஸ் கதிர், அதனோடு கீமோ, பிறகு கதிரியக்கப் பொருளையே உள்ளே கொண்டுபோய்ச் சில நிமிடம் வைக்கும் உள்கதிர் சிகிச்சை. இதில் காலம் மிக முக்கியம். எல்லாம் சேர்த்து எட்டு வாரத்துக்குள் முடிந்துவிட வேண்டும் என்பது மருத்துவர்கள் வலியுறுத்தும் விதி. வாய், தொண்டைப் புற்றுக்கும் இடையில் நிறுத்துவதும் தள்ளிப்போடுவதும் கெடுதல். புரோட்டானுக்குப் பணம் புரட்டுகிறோம் என்று இரண்டு மாதம் அலைந்துவிட்டு, அதற்குள் கட்டி பரவிவிட்டால் எந்த இயந்திரமும் உதவாது. அரசு மருத்துவமனையில் இன்றைக்கே கிடைக்கும் எக்ஸ் கதிர், நாளைக்குக் கிடைக்கலாம் என்ற புரோட்டானைவிடப் பல நோய்களில் மேலானது.

நோயாளியை ஒதுக்கி வைக்காதீர்கள்

கதிர் வைத்துக்கொண்டு வருபவரிடமிருந்து குழந்தைகளைப் பிரித்து வைப்பதும், தட்டு, டம்ளரைத் தனியாக வைப்பதும் சில வீடுகளில் நடக்கிறது. வெளியிலிருந்து வைக்கும் எக்ஸ் கதிர் இயந்திரத்தை அணைத்த கணமே தீர்ந்துவிடும். உடலில் எதுவும் தங்காது. புரோட்டானில் மிகச் சிறிய அளவு கதிரியக்கம் தோன்றிச் சில நிமிடங்களில் மங்கிவிடும். வீட்டாருக்கு அதனால் ஆபத்தில்லை. பாட்டி பேரப்பிள்ளையைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளலாம்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. தைராய்டு நோய்க்குக் குடிக்கவோ விழுங்கவோ கொடுக்கும் அயோடின்-131 மருந்து உடலுக்குள்ளேயே தங்கி வேலை செய்வது. அதிலிருந்து வெளிப்படும் பீட்டா துகள்களும் மின்னூட்டம் கொண்டவைதாம். அதிகம் போனால் 2 மில்லிமீட்டர் தூரத்துக்குள் சக்தியை இழந்து நின்றுவிடும். ஆகவே தைராய்டு உயிரணுக்களை மட்டும் தாக்கும். ஆனால் அதே மருந்து காமா கதிரையும் விடுகிறது. அதற்கு மின்னூட்டம் இல்லாததால் உடலைக் கடந்து வெளியே வரும். அயோடினின் கதிரியக்கம் எட்டு நாளுக்கு ஒருமுறை பாதியாகும். எனவே மருத்துவமனை சொல்லும் நாட்கள் வரை குழந்தைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் விலகி இருக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இந்த மருந்து கூடாது. பாலூட்டும் தாய்மார்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஆல்பா துகளின் பாடமும் நமக்குத் தேவை. அதை ஒரு தாள் தடுத்துவிடும்; நம் மேல்தோலின் இறந்த அடுக்கே தடுத்துவிடும். வெளியில் இருக்கும் வரை தீங்கில்லை. உள்ளே போய்விட்டால் சில உயிரணு தூரத்துக்குள் முழுச் சக்தியையும் கொட்டிவிடும். ஆல்பா துகளை விடும் பொலோனியம்-210 புகையிலையில் சிறிதளவு இருக்கிறது. பீடி, சிகரெட் புகையோடு நுரையீரலுக்குள் போகிறது. புகையிலும் மெல்லும் புகையிலையிலும் உள்ள மற்ற நச்சுகளோடு இதுவும் ஒன்று. நம் இளைஞர்கள் காதில் இது விழ வேண்டும்.

தொழுகை பற்றியும் கேட்கிறார்கள். கதிர் விழ வேண்டிய இடத்தைக் காட்டத் தோலில் மையால் கோடு போடுவார்கள். அது அழிந்தால் குறி தவறும். தேய்த்துக் கழுவக் கூடாது. அந்த இடத்தில் தண்ணீர் படக் கூடாது என்று மருத்துவர் சொன்னால், ஒளு, குளிப்பு, தயம்மும் பற்றி உங்கள் மஹல்லா ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தொழுகைக்காகச் சிகிச்சையையோ, சிகிச்சைக்காகத் தொழுகையையோ விட வேண்டிய நிலை வராது.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

இந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்.

1. இந்தச் சிகிச்சையின் நோக்கம் நோயைக் குணமாக்குவதா, வலியைக் குறைப்பதா?

2. கட்டிக்குப் பின்னாலும் பக்கத்திலும் என்ன உறுப்பு இருக்கிறது? எக்ஸ் கதிர் வைத்தால் அதற்கு எவ்வளவு சேரும்? புரோட்டான் வைத்தால் எவ்வளவு? இரண்டு திட்டங்களையும் கணினியில் போட்டு ஒப்பிட்டுக் காட்ட முடியுமா?

3. நோய் குணமாகும் வாய்ப்பில் வேறுபாடு உண்டா, பக்கவிளைவில் மட்டும்தானா?

4. எத்தனை நாளுக்குள் தொடங்க வேண்டும்? காத்திருந்தால் என்ன ஆகும்?

5. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு கிடைக்கும்? பயணம், தங்குமிடம், ஸ்கேன், குழந்தையானால் மயக்க மருந்து எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு?

புரோட்டான் வைக்க வேண்டும் என்று ஒரு மருத்துவமனை சொன்னால், அந்த இயந்திரம் இல்லாத இன்னொரு புற்றுநோய் மருத்துவரிடமும் கருத்துக் கேளுங்கள். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, காஞ்சிபுரம் காரைப்பேட்டை அரசு அண்ணா புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடங்களில் இத்தகைய மருத்துவர்கள் இருக்கிறார்கள். இரண்டாவது கருத்துக் கேட்பது எந்த மருத்துவரையும் அவமதிப்பதாகாது.

எங்கள் தரப்பு

அறக்கட்டளையிடம் இருப்பது உங்கள் ஸதகாவும் நன்கொடையும். அது அமானிதம். புரோட்டான் செலவு பல மடங்கு கூடுதல். ஒரு குழந்தையின் முதுகுத்தண்டுக்கு அது தேவை என்று இரு மருத்துவர்கள் எழுத்தில் சொன்னால், வெளியூர் ஜமாஅத்துகளையும் கேட்டு முடிந்தவரை திரட்டித் தர நாங்கள் தயங்க மாட்டோம். இன்னொருவருக்கு எக்ஸ் கதிரே அதே பலனைத் தரும் என்றால், அதைச் சொல்லுவதும் எங்கள் பொறுப்பே. வசதி குறைந்தவருக்குத் தரம் குறைந்த சிகிச்சை போதும் என்ற எண்ணத்தில் இதைச் சொல்லவில்லை. நோயாளி பிழைத்து வரும்போது திரும்பி வர ஒரு வீடும், பிள்ளைகளின் படிப்புக்கு ஒரு வழியும் மிஞ்ச வேண்டும் என்பதே எங்கள் கவலை.

ஆகவே சொத்தை விற்க முன்பணம் வாங்குவதற்கு முன், வட்டிக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன், மருத்துவ அறிக்கைகளோடு ஒருமுறை அலுவலகத்துக்கு வாருங்கள். காப்பீட்டு அட்டை இல்லாதவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பித் தருகிறோம். மேலே சொன்ன கேள்விகளை மருத்துவரிடம் கேட்கத் தயக்கமாக இருந்தால், எங்களில் ஒருவர் உடன் வருவார். பெண் நோயாளிகளோடு நமது மகளிர் குழுவினர் வருவார்கள்.

நோய்க்கு மருந்து தேடுவது நம் மார்க்கம் காட்டித்தந்த வழி. தேடுவதை அறிவோடு தேடுவோம். நோயுற்ற நம் சகோதர சகோதரிகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக. ஆமீன்.